துவக்குக்காரருக்கு வைத்த சோறு

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஆட்டிறைச்சி வெட்டுகிற ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமையானால் காட்டுப் பன்றி வேட்டைக்குப் போகிறார் என்று சொன்னால், கேட்பவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். வாமதேவன் அண்ணை போவது உண்மை. அவரும் நானும் ஒரே பலசரக்குக் கடையில் வேலை. அவர் பின்னால் இறைச்சி மேசையில், நான் முன்னால் காசு வாங்குமிடத்தில்.

"அண்ணை, பன்றி பாய்ஞ்சு வந்தால் எலும்போடையோ எலும்பில்லாமலோ எண்டு கேப்பியளோ?" என்று நான் சீண்டுவேன்.

"பன்றிக்குப் பகிடி விளங்காது தம்பி," என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டுவார்.

அவரை வேட்டைக்கு இழுத்துவிட்டவன் நிக்கோலா. எங்கள் கடைக்கு ஆடு கொண்டுவரும் லொறிச் சாரதி. வாமதேவன் அண்ணை முறைப்படி சோதனை எழுதி, பெர்மி என்கிற வேட்டை அனுமதி எடுத்தார். காட்டுக்குள் நிற்கும்போது யாரும் வந்து கொழுப்பில்லாமல் அரைக் கிலோ கேட்பதில்லை, அதுவே பெரிய நிம்மதி என்பார்.

முதல் இரண்டு பருவமும் நிக்கோலாவின் தகப்பனுடைய பழைய இரட்டைக் குழல் துவக்கைத்தான் இரவல் வாங்கினார். ஆனால் எலும்பு வெட்டும் வாள் பட்டு அவருடைய வலக்கையில் இரண்டு விரல் மடங்காது. சுட்டுவிட்டு மறுபடி தோட்டா போடுவதற்குள் பன்றி பக்கத்து ஊருக்குப் போய்விடும். ஒருமுறை காயம்பட்ட பன்றி போகாமல் அவரை நோக்கித் திரும்பி வந்துவிட்டது. நிக்கோலா குறுக்கே நின்று சுட்டிருக்காவிட்டால் அண்ணை இன்று இருந்திருக்கமாட்டார், நான் இதை எழுதிக்கொண்டிருக்கவுமாட்டேன். உனக்குச் செமி ஒட்டோமற்றிக் ஒன்றுதான் சரி, சுட்டதும் தானாகவே அடுத்த தோட்டா ஏறும் என்று நிக்கோலா சொன்னான்.

அண்ணை ஒரு வருடத்துக்கு மேல் மறுத்தார். "இரட்டைக் குழல் வேட்டைத் துவக்கு. தானாய் லோட் ஆகிறது வேறை சாமான். அது ஊரிலை காணாத காட்சியே?" என்றார். பழையதுதான் அவருடைய கைக்காசுக்கு எட்டும் என்று தெரிந்ததும் சந்தேகம் இன்னும் கூடியது. "ஆரின்ரை கையிலை இருந்ததோ, என்னத்தைச் சுட்டதோ."

அவருடைய மனைவி நாகேஸ்வரி அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. துவக்கு வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அக்காவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கடையில் எல்லா மீனும் வாங்குவார், கணவாய் மட்டும் வாங்கமாட்டார். கணவாய்ப் பெட்டியைத் தாண்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். அவருடைய தம்பி தவரூபனுக்குக் கணவாய்க் கறி என்றால் உயிர். யுத்தம் முடிந்த கிழமை, வட்டுவாகல் பாலத்தடியில் ஆமிக்காரர் அவனை பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை. இனியாவது செத்தவீட்டுக் கிரியைகளைச் செய்துவிடு என்று சொந்தக்காரர் தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் அக்கா கத்துவார்: "உசிரோடை இருக்கிறவனுக்கு எட்டுச் செலவு வைக்கச் சொல்லுறியளோ? அது நானே அவனைச் சாக்காட்டின மாதிரி."

பன்றி அண்ணையை நோக்கித் திரும்பி வந்த கதையைக் கேட்ட பிறகுதான் அக்கா இறங்கி வந்தார். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார்: "துவக்கின்ரை வயிறு வெறுமையாய்க் கிடக்கிறது எனக்குத் தெரியவேணும். மூடி வைக்கக்கூடாது."

துவக்கு போவே என்கிற ஊரில் ஒரு ஆயுதக் கடையில் கிடைத்தது. என்னுடைய காரில்தான் போனோம். விற்பவர் ஒரு வயதான அம்மா, மதாம் ஆனைஸ். கணவருடைய துவக்கு என்றார். பத்திரம் எல்லாவற்றையும் கடைக்காரர் பார்த்துக்கொண்டார். மேசையில் துவக்குக்குப் பக்கத்தில் ஒரு சோடி சப்பாத்து, ஒரு தொப்பி, ஒரு மழைக் கோட்டு. இவையும் உங்களுக்குத்தான், சும்மா எடுத்துக்கொள்ளுங்கள், அவருக்கு இனித் தேவையில்லை என்றார். கண் கலங்கியிருந்தது.

நாங்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் செத்தவனுடைய உடுப்பைத்தான் அள்ளிக் கொடுப்பார்கள். உயிரோடு இருக்கிறவனுடைய சப்பாத்தை எந்தப் பெண்சாதி கொடுப்பாள்? துக்கம் உள்ள இடத்தில் கேள்வி கேட்பதும் அழகில்லை. அண்ணை தலையைக் குனிந்து ஆறுதல் சொன்னார். மதாம் நன்றி சொன்னார்.

அண்ணையின் வீடு எங்கள் கடைக்குப் பின்னால், கைல் வீதியில் நாலாம் மாடியில். விறாந்தை முடிவில் இரும்பு அலுமாரி வைத்துப் பூட்டினார். அக்கா கேட்டபடியே துவக்கின் போல்ட்டைப் பின்னால் இழுத்து, தோட்டா ஏறும் வாயைத் திறந்தபடி வைத்தார். அது வெறுமை என்று அக்கா விரலை விட்டுப் பார்த்தார்.

மறுநாள் பின்னேரமே தொடங்கிவிட்டது. சுவாமி அறையில் விளக்கு வைக்கிற நேரம். பூட்டிய அலுமாரிக்குள் "சடக்" என்று ஒரு சத்தம். அண்ணை திறந்து பார்த்தார். திறந்து வைத்த போல்ட் மூடிக் கிடந்தது. மறுபடி இழுத்து வைத்தார். அடுத்த நாளும் விளக்கு வைக்கிற நேரம், சடக்.

"தம்பி, நீயும் ஒருக்கா வந்து கேள். இவர் எனக்கு விசர் எண்டு நினைக்கிறார்," என்று அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் வேண்டுமென்றே அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன். பூட்டின் திறப்பு என் கையில். வெளியே இருட்டிவிட்டது. பக்கத்துப் பாலத்தில் மெத்ரோ ரயில் போகிற அதிர்வு யன்னல் கண்ணாடியில் வந்து அடங்கியது. அக்கா தீக்குச்சியைத் தட்டினார். உள்ளே, என் முழங்காலுக்கு நேரே, யாரோ நிதானமாகக் கையை எடுத்தது போல அந்தச் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டை இழுத்துப் பார்த்தேன், பூட்டியே கிடந்தது.

"உது லோட் பண்ணுற சத்தம். இந்தச் சத்தத்தை எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை," என்றார் அக்கா. அவர் சரியாக நித்திரை கொண்டு பல நாள் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

விளக்கம் இல்லாமல் இல்லை. அலுமாரிக்குப் பின்னால் ஹீற்றர் குழாய் போகிறது. பின்னேரம் சூடேறும். பழைய துவக்கில் போல்ட்டைப் பிடிக்கிற கொளுக்கி தேய்ந்திருந்தால் சூட்டுக்கு வழுக்கும் என்று நிக்கோலாவும் சொன்னான். நான் அதை அக்காவிடம் சொன்னேன். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை.

"அந்தத் துவக்குக்கார மனிசனுக்கு ஒருத்தரும் எட்டுச் செலவு வைக்கேல்லை. இவங்கள் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூவைப் போட்டிட்டுப் போயிடுவாங்கள். அந்தாள் தன்ரை சாமானைத் தேடி வந்திட்டுது," என்றார்.

"வெள்ளைக்காரனுக்கு எட்டோ?" என்று அண்ணை இழுத்தார்.

"செத்தாப்பிறகு என்ன வெள்ளை, என்ன கறுப்பு? ஒண்டில் எட்டு வையுங்கோ, இல்லாட்டித் துவக்கைக் கொண்டு போங்கோ. ரெண்டும் இல்லாட்டி நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன்."

எட்டுச் செலவு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஆள் செத்த எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்து, இருட்டுகிற நேரம் ஒரு பங்கைக் கொண்டுபோய்ச் சந்தியில் வைப்பார்கள். வைத்தவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. அதோடு செத்தவருடைய ஏக்கம் அடங்கும் என்பது கணக்கு.

செத்த நாள் தெரியாததால், துவக்கு வந்த நாளையே அக்கா முதல் நாளாக எடுத்துக்கொண்டார். நிக்கோலாவிடம் கேட்டு சிவப்பு வைன், பாண், கமோம்பேர் சீஸ் எல்லாம் வாங்கினோம். அக்கா தன் பங்குக்குச் சோறும் பன்றிக் கறியும் சமைத்தார். வெள்ளைக்காரருக்கு உறைப்புக் குறைவாகப் போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே, கைப்பழக்கத்தில் யாழ்ப்பாணத் தூளை அள்ளிப் போட்டுவிட்டார். தண்ணி வைக்கவில்லையே என்று நான் கேட்டேன். "வைன் இருக்குத்தானே," என்றார்.

மேலே மெத்ரோ ஓடும் பாலத்தின் கீழே, தெருக்கள் சந்திக்கிற மூலையில் அண்ணை பார்சலை வைத்தார். திரும்பிப் பார்க்காமல் வந்தோம். ஆயிரம் பேர் போய்வருகிற இடத்தில் எனக்குப் பின்கழுத்துக் குளிர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. அன்று அலுமாரியில் சத்தம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அந்தக் கிழமை கட்டடத்தில் ஹீற்றர் பழுது என்று கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். அக்கா நித்திரை கொண்டார் என்பதால் நான் அதைப் பேசவில்லை.

பிறகு மதாம் ஆனைஸ் அண்ணைக்குப் போன் எடுத்தார். துவக்கின் தோள்வார் வீட்டில் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அக்காவும் வெளிக்கிட்டார். கணவனைப் பறிகொடுத்த பெண்ணை வெறுங்கையோடு பார்க்கக்கூடாது என்று ஒரு பெட்டி பயற்றம் பணியாரமும் கொண்டு வந்தார். வாசலில் வைத்தே அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், உங்கள் கணவரின் ஆத்மா சாந்தியடையட்டும் என்றார்.

மதாம் ஆனைஸ் விழித்தார். என் கணவர் சாகவில்லையே, மறதி முற்றிப் பக்கத்துத் தெரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார், இப்போது அங்கேதான் போகப்போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். தன் தம்பிக்குச் செய்ய மறுத்ததை, இன்னொரு பெண்ணின் மனிசனுக்குத் தன் கையால் செய்துவிட்டார். உயிரோடு இருக்கிறவருக்கு.

முதியோர் இல்லத்தில் கிழவர் யன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எங்களை அவர் பார்க்கவில்லை. சிறிது நேரத்தில் அவருடைய வலக்கை எழுந்தது. காற்றில் எதையோ பற்றிப் பின்னால் இழுத்தது. கொஞ்சம் பொறுத்து, விட்டது. வாமதேவன் அண்ணை என் தோளை இறுக்கிப் பிடித்தார். தினமும் இருட்டுகிற நேரம் இப்படித்தான் என்றார் மதாம். துவக்கில் தோட்டா இருக்கிறதா, எடுத்தேனா என்று கேட்டு அந்தரப்படுவாராம். யார் சொன்னாலும் கேட்கமாட்டாராம்.

அண்ணை முழந்தாளிட்டு அவருடைய காதருகே பிரெஞ்சில் சொன்னார்: "வெறுமை, மொசியூ. நான் பார்த்தேன். வெறுமையாகத்தான் இருக்கிறது." கிழவர் அண்ணையின் மடங்காத விரல்களைத் தடவிப் பார்த்தார். கை மடியில் இறங்கியது.

மதாம் சந்தோசத்தில் பேசிக்கொண்டே போனார். இரண்டு கிழமைக்கு முன் ஒரு சனிக்கிழமை வேடிக்கை நடந்ததாம். இரவுச் சூப்பைக் கிழவர் தொடவில்லை. சாப்பிட்டுவிட்டேன் என்றாராம். வாய் எரிகிறது என்று போத்தல் போத்தலாகத் தண்ணி கேட்டுக் குடித்தாராம். தாதிமார் நாக்கைக்கூடப் பார்த்தார்களாம்.

நாங்கள் சந்தியில் பார்சல் வைத்தது அந்தச் சனிக்கிழமைதான். இதற்கு என்னிடம் ஹீற்றர் விளக்கம் எதுவும் இல்லை.

திரும்பி வரும்போது, சென் தெனி என்கிற ஊரைத் தாண்டிய பிறகு காருக்குள் அக்கா சொன்னார்: "அப்ப, உசிரோடை இருக்கிற ஆக்களுக்கும் போய்ச் சேருது." எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

துவக்கின் கொளுக்கியைத் திருத்திக் கொடுப்பதாக நிக்கோலா சொன்னான். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். ஹீற்றர் சரியாகி, விளக்கு வைக்கிற நேரம் மறுபடி சடக் என்று கேட்டது. இப்போது அக்கா பயப்படுவதில்லை. "இஞ்சாருங்கோ, அவர் கேக்கிறார்," என்பார். அண்ணை அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, முதியோர் இல்லத்துக்குப் போன் எடுத்து, வெறுமை மொசியூ என்று சொல்லிவிட்டு வைப்பார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா கடைக்கு வந்தார். கணவாய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றார். முகத்தைத் திருப்பவில்லை. பெரிதாகப் பார்த்துத் தெரிந்தெடுத்து, என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். நான் பகிடி விடாமல் நிறுத்துக் கொடுத்தேன். பின்னால் இறைச்சி மேசையில் கத்திச் சத்தம் நின்றுபோனது.

இருட்டுகிற நேரம் மூவரும் பாலத்தடிக்குப் போனோம். இம்முறை பார்சலை அக்காவே கொண்டு வந்தார். குழல் புட்டு, கணவாய்க் கறி. மூலையில் குந்தியிருந்து வைத்தார். "தம்பி தவம், இது எட்டு இல்லையடா. பசிக்குத்தான்," என்றார்.

நானும் அண்ணையும் வழக்கப்படி முகத்தைத் திருப்பி நடக்கத் தொடங்கினோம். அக்கா வரவில்லை.

"அக்கா, திரும்பிப் பாக்கக்கூடாது," என்றேன்.

"அது செத்த ஆக்களுக்கு," என்றார். பார்சலைப் பார்த்தபடியே நின்றார். மேலே மெத்ரோ ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. படியால் இறங்கி வருகிற ஒவ்வொரு முகத்தையும் அக்கா பார்த்தார். நானும் பார்த்தேன், எனக்கு அவனைத் தெரியாது என்றாலும்.

திடீரென்று அக்கா நெஞ்சில் கையை வைத்தார். "ஐயோ, தண்ணி வைக்க மறந்திட்டன். அவன் சின்னனிலையிருந்தே உறைப்புத் தாங்கமாட்டான்."

வாமதேவன் அண்ணை தண்ணி எடுத்துவர வீட்டை நோக்கி ஓடினார்.