முயல் ஓட்டமும் பிரதம விருந்தினரும்

என் பேத்திக்கு இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. மகள் வேலைக்குப் போவதால், பகலில் அவளைச் சாவகச்சேரியில் ஒரு பராமரிப்பு நிலையத்தில் விடுகிறோம். கரண்டி பிடிக்கவும், சிறுநீர் வந்தால் சொல்லவும் அங்கேதான் பழகினாள். குறை சொல்லமாட்டேன். ஆனால் அது போதாது என்று யாருக்கோ பட்டிருக்கிறது. இந்த வருடம் பெரிய பள்ளிக்கூடங்களைப்போல இல்ல விளையாட்டுப் போட்டி வைத்தார்கள்.

மங்கள விளக்கேற்றல், கொடியேற்றல், அணிவகுப்பு, ஒலிம்பிக் தீபம், சத்தியப்பிரமாணம். கல்வி அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும் இப்படியான நிகழ்ச்சிநிரல்களைத் திருத்தியவன் நான். ஒழுங்கில் ஒரு பிழையும் இல்லை. முழு வசனம் பேசத் தெரியாதவர்கள் எப்படிச் சத்தியம் செய்வார்கள் என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

மைதானத்தில் பந்தல் இருந்தது, அது விருந்தினருக்கு. பிரதம விருந்தினரை மாலையோடு அழைத்துவருவதற்காகப் பிள்ளைகள் வெயிலில் இரண்டு வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். பேத்திக்கு முயல் உடுப்பு. தடித்த வெள்ளைத் துணி, கழுத்துவரை பொத்தான், தலையில் அட்டைக் காதுகள். அவளுக்கு அது நித்திரை நேரம். முகம் சிவந்து, நின்றபடியே கண் சொருகினாள்.

பொறுப்பாசிரியையிடம் போனேன்.

“பிள்ளையளை நிழலுக்கை விடுங்கோ, ரீச்சர்.”

“அவர் வந்துகொண்டிருக்கிறார், சேர். கைதடிச் சந்தி தாண்டிட்டாராம்.”

“முந்திக் கேட்கேக்கையும் கைதடிதான் தாண்டினவர். பிரதம விருந்தினர் பிந்தினால் விழாத் தலைவர் தொடங்கலாம். அதுதான் முறை.”

“அவர் கோவிப்பார், சேர். நீங்கள் பந்தலுக்கை வந்து இருங்கோ. உங்களுக்கும் கதிரை போட்டிருக்கு.”

எனக்குக் கதிரை! நடக்கப் பழகி ஒரு வருடம் ஆகாதவர்கள் நிற்கவேண்டும், ஓய்வூதியக்காரன் இருக்கவேண்டும்.

பக்கத்தில் நின்ற தாய் ஒருத்தி முணுமுணுத்தாள். “உவருக்கு மாலை விழாட்டில் குடியே முழுகிப்போகும்?”

“சத்தமாச் சொல்லு, பிள்ளை.”

“நீங்கள் சொல்லுங்கோ, ஐயா. நான் நாளைக்கும் என்ரை பிள்ளையை இங்கைதானே விடவேணும்.”

அப்போது பேத்தி நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள். உதவி ஆசிரியை தூக்கி நிறுத்தினாள். மறுபடி குந்தினாள். மறுபடி நிறுத்தினாள். அடுத்த தடவை குழந்தை முன்னால் சரிந்தாள். நெற்றி மண்ணில் பட்டது.

வரிசைக்குள் போய் அவளைத் தூக்கினேன். பொத்தான்களைக் கழற்றியபோது உள்சட்டை தண்ணீரில் தோய்த்ததுபோல் இருந்தது. பந்தலில் மின்விசிறி ஒன்றுதான் இருந்தது, வெள்ளைத் துணி விரித்த முதல் வரிசை நாற்காலிக்கு முன்னால். அந்த நாற்காலியில் அமர்ந்து அவளை மடியில் கிடத்தித் தண்ணீர் பருக்கினேன்.

“ஐயோ சேர், அது பிரதம விருந்தினற்றை கதிரை!”

“தெரியும், ரீச்சர். அதுக்கு முன்னாலைதானே ஃபானும் வைச்சிருக்கு.”

முணுமுணுத்த தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். பிறகு மற்றத் தாய்மாரும் பிள்ளைகளோடு வந்தார்கள். பிரதம விருந்தினர் வந்து இறங்கியபோது வரவேற்க வரிசை இல்லை. பாண்ட் வாத்தியக்காரர் மட்டும் அவருக்கு முன்னால் நடந்தார்கள். அவர் என் மறுபக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டார். கோபித்ததாகத் தெரியவில்லை.

பேச்சுகள் முடிந்தன. ஒலிபெருக்கியில் முயல் ஓட்டத்துக்கு அழைத்தார்கள். பொறுப்பாசிரியை என்னிடம் குனிந்தார்.

“எழுப்பட்டே, சேர்? ஓடினாலே போதும், பரிசு எல்லாருக்கும் இருக்கு.”

“தொட்டுப் பாருங்கோ” என்றேன்.

அவர் பேத்தியின் நெற்றியில் கை வைத்தார். போய், துவாய் ஒன்றை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தார். ஒலிபெருக்கி முயல்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. ஒரு தாயும் எழும்பவில்லை.