வெறும் மோரும் நெல்லி மோரும்

ஊதா நிறக் கரைசல் இருந்த அந்த இரண்டு கண்ணாடிக் குழாய்களை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். ஒன்றில் நெல்லிச்சாறு சேர்த்துப் புளிக்கவைத்த மோர் விட்டிருந்தேன். மற்றதில் வெறும் மோர். ஒட்சியேற்றத்தை எதிர்க்கும் சத்து இருந்தால் ஊதா வெளிற வேண்டும். நெல்லி மோரில் வெளிறியது, சரி. வெறும் மோருக்கு என்ன வந்தது? அதுவும் போட்டிக்கு வெளிறி நின்றது. அப்படியானால் நெல்லி எதற்கு, நான் எதற்கு?

மூன்று மாதத்தில் மூன்று தரம் முதலிலிருந்து செய்தேன். உறைமோரை மாற்றினேன், கொடிகாமத்தில் நெல்லிக்காய் வாங்கும் கடையைக்கூட மாற்றினேன். மாற்றாதது பால் ஒன்றுதான். அது எங்கள் ஆய்வுகூட உதவியாளர் அண்ணை நீர்வேலியில் தன் வீட்டு மாட்டில் கறந்து கொண்டுவருவது. ஓய்வு வயது கடந்தும் வருடாவருடம் நீடிப்பு வாங்கி வேலையில் நின்றவர். தராசில் ஓர் இலையான் பறந்து வந்து குந்தினாலும் எங்களைத்தான் ஏசுவார். பாலில் ஏதும் கலக்கிறீர்களா என்று ஒருநாள் பயந்து பயந்து கேட்டேன். "ஒரு சொட்டுத் தண்ணி கலந்தனான் எண்டால் என்ரை கை அழுகிப் போகும்" என்றார். அதற்குமேல் யார் கேட்பது? அடுத்த மாதத்துடன் ஆய்வுத் திட்டம் முடிகிறது, முடிவு வராவிட்டால் பட்டமும் இல்லை என்று என் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அந்தக் கிழமை அண்ணைக்குக் காய்ச்சல். பால் எடுக்க நானே போனேன். அவர் மனைவி கறந்து தந்த வாளியுடன் வாசல் படலைவரை வந்துவிட்டேன். "பிள்ளை, நில்லு நில்லு!" போர்வையுடன் ஓடிவந்த அண்ணை மூடியைத் திறந்து, ஒரு நுள்ளு மஞ்சள்தூளைப் போட்டு, ஓர் ஆட்டு ஆட்டி மூடினார். "படலை தாண்டிற பால் வெறுமையாப் போகக்கூடாது. மாட்டுக்கு நாவூறு பட்டிடும்." தினமும் போடுகிறீர்களா என்று கேட்டேன். "போடாமல் விடுவனோ?" என்றார் பெருமையாக.

மஞ்சள்! நெல்லியைப் போலவே ஊதாவை வெளிறவைக்கும் மஞ்சள். பசும்பாலின் இயல்பான இளமஞ்சள் நிறத்தில் அது எங்கள் கண்ணில் படவே இல்லை. அவரைப் பொறுத்தவரை தண்ணீர்தான் கலப்படம். கத்தவேண்டும் போலிருந்தது. காய்ச்சல்காரரிடம் என்ன கத்துவது? வேறு வீட்டுப் பால் வாங்கி மறுபடி செய்தேன். வெறும் மோரில் ஊதா அப்படியே நின்றது. நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பேராசிரியர் விடவில்லை. இவ்வளவு நாளும் எங்கே பிழை நடந்தது என்று கேட்டார். காய்ச்சல் மாறி அன்றுதான் வந்திருந்த அண்ணையும் பக்கத்தில் நின்றார். அவருடைய நீடிப்புக் கடிதம் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. உண்மையைச் சொன்னால் அது அங்கேயே கிழிபடும். "குழாய்களை நான் வடிவாக் கழுவேல்லை சேர். நெல்லிச்சாறு ஒட்டிக் கிடந்திருக்கு" என்று சொல்லி, தலையைக் குனிந்து ஏச்சு வாங்கினேன்.

பேராசிரியர் ஏசி முடித்ததும் அண்ணை தொண்டையைச் செருமினார். எனக்காகப் பேசப்போகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"ஓம் சேர், இந்தப் பிள்ளைக்குக் கழுவிறதிலை கவனம் காணாதுதான். இனி நானே கழுவிக் குடுக்கிறன்."

அவருக்கு இன்னும் நீடிப்புக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. புதிதாக வரும் மாணவர்களுக்குக் குழாய் கழுவப் பழக்கும்போது, கழுவாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு என் பெயரைத்தான் சொல்கிறாராம்.