பாயில் சுருட்டிய துப்பாக்கி

வக்கீல் குமாஸ்தா வேலை என்பது அடுத்தவர் வயிற்றெரிச்சலை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுப்பது. சித்தூர் கோர்ட்டு வாசலில் வாய்தா வாங்கியே தலை நரைத்த உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஆந்திரா பிரிந்து, எல்லைத் தகராறு ஓடிக்கொண்டிருந்த வருஷங்களில் எங்கள் வக்கீலிடம் நாட்டுத் துப்பாக்கி வழக்குகள் நிறைய வந்தன. யார் நிலத்தில், யார், எதற்கு மறைத்து எடுத்துப் போனார் என்பதுதான் சண்டை.

கம்பளிக்குள்

முனுசாமி பங்காருபாளையத்தில் மாந்தோப்புக் காவல்காரர். தோப்பை வாங்கிய புது முதலாளி போகச் சொல்லியும் அவர் போகவில்லை. ஒரு மழை நாளில் அவர் துப்பாக்கியைக் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு நடந்ததைப் பார்த்து, தன்னைக் கொல்ல வந்ததாக முதலாளி வழக்குப் போட்டார். லைசென்ஸ் பழைய முதலாளி பெயரில். ஜெயில்தான் கிடைத்தது. எதற்கு மறைத்தாய் என்று மாஜிஸ்திரேட் தெலுங்கில் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் தீர்ப்பில் இல்லை:

“மருந்து நனைஞ்சா அது வெறும் தடி சாமி. நான் நனைஞ்சிக்கினுதான் போனேன், அத்த மட்டும் போத்தினேன்.”

சொந்த நிலத்தில்

சத்தியவேடு பக்கத்துக் கோவிந்தனுக்கு எல்லை பிரித்தபோது வீடு மதராஸ் பக்கம் நின்றது, நிலம் ஆந்திராவுக்கு வந்தது. பன்றி விரட்ட, லைசென்ஸ் துப்பாக்கியைக் கோணியில் சுற்றிக்கொண்டு போனவரை அவருடைய வேர்க்கடலைக் கொல்லையிலேயே பிடித்தார்கள். மதராஸ் லைசென்ஸ் இங்கே செல்லாதாம். வழக்கு முடிவதற்குள் பன்றிகள் கொல்லையைத் தின்று தீர்த்தன. அவர் கூலிக்குப் போனார். போகும் முன் என்னிடம் சொன்னார்:

“நெலம் என்னுதுன்றாங்க, துப்பாக்கியும் என்னுதுன்றாங்க. ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா குத்தமாம்.”

கூடம் யாருடையது?

நகரிப் பக்கம் அண்ணன் தம்பி இருவர். வீட்டுக்குப் பாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்குத் தம்பி வந்தான். அடிப்பார்களோ என்ற பயத்தில் பாய்க்குள் துப்பாக்கியைச் சுருட்டிக் கொண்டுவந்து கூடத்து மூலையில் சாத்தினான். விருந்தாளிகள் உட்கார இடம் போதாமல் அண்ணன் மனைவி அந்தப் பாயை எடுத்து உதறினாள். வெடித்தது. கூடத்திலேயே உயிர் போய்விட்டது.

தம்பிக்கு ஆஜரானது எங்கள் வக்கீல். கூடம் தம்பியின் பாகம், சொந்த இடத்தில் துப்பாக்கி வைத்திருந்தது குற்றமாகாது என்று வாதம். அந்த வாதத்தை எழுதியது என் கை. சாட்சிக் கூண்டில் அண்ணனிடம் கூடம் யாருடையது என்று கேட்டார்கள். அவர் தம்பியைப் பார்க்கவே இல்லை.

“அவனுக்கே எழுதிக் குடுத்துடுங்க சாமி. இனிமே அதுல ஒக்கார எனக்கு யாரு கீறாங்க?”

இத்தனை வழக்கு எழுதியும் எனக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது, செத்தவர் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் பிழையில்லாமல் எழுத மட்டும் வரும்.