மூன்று சுவர் வீட்டின் எஜமானி

எனிட் பர்ட்விசில் இல்லாத கதவைத் திறந்துகொண்டுதான் வீட்டுக்குள் வருவாள். இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் ஒத்திகை நடக்கும். தரையில் வெள்ளை நாடா ஒட்டி, இது முன்னறை, இது சமையலறை என்று வீட்டைக் காட்டியிருப்பார்கள். மற்ற நடிகர்கள் கையில் தேநீரோடு சுவர்களைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருப்பார்கள். எனிட் மட்டும் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய், காற்றில் ஒரு கைப்பிடியைத் திருப்பி, குனிந்து நுழைவாள். ஏன் குனிகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. அந்த வாசல்நிலை தாழ்வு என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

வெள்ளிக்கிழமை தோறும் அரை மணி நேரம் வரும் ‘காலைத் துடை’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் அவள்தான் பெர்த்தா. மீசை முளைத்த இரண்டு மகன்களையும் கணவன் சிட்னியையும் ஒரே பார்வையில் கட்டி மேய்க்கும் அம்மா. “என்ன, தோட்டத்தையே பூட்ஸ்ல எடுத்துட்டு வந்துட்டியா? அப்படியே ரெண்டு ரோஜாச்செடியும் நட்டுட்டுப் போ!” என்று அவள் இடுப்பில் கைவைத்தால், படப்பிடிப்பு அரங்கின் முன்னூறு பார்வையாளர்களும் இருக்கையில் நெளிந்து சிரிப்பார்கள். பாதிப் பேர் தங்கள் காலணியைக் குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

வெளியே எனிட்டுக்கு அந்தக் குரல் கிடையாது. கசாப்புக்கடைக்காரர் கொழுப்பு மண்டிய துண்டாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தாலும் “ரொம்ப நன்றிங்க” என்று வாங்கிக்கொள்வாள். ஒருமுறை பேருந்தில் ஒரு பெண்மணி தன் கணவரை அவள் முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

“பெர்த்தாம்மா, இந்த ஆளை நாலு வார்த்தை திட்டுங்களேன். நான் சொன்னா காதுலயே ஏறல.”

கணவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தண்டனைக்குத் தயாராக நின்றார். எனிட்டின் முகம் சிவந்துவிட்டது. “குளிரா இருக்கு. கழுத்துல மஃப்ளரை நல்லாச் சுத்திக்கோங்க” என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் சுற்றிக்கொண்டார்.

“பாத்தியா? ஒரே வார்த்தை!” என்றாள் மனைவி பெருமையாக.

பெர்த்தாவை எனிட் எங்கிருந்து எடுத்தாள் என்பது கிளிஃபர்டுக்கு மட்டும் தெரியும். தொடரில் சிட்னியாக நடிப்பவர். எழுபத்திரண்டு வயது, மனைவி போய்ப் பத்து வருடம், வாடகை அறையில் தனிக்கட்டை. அவரிடம் மட்டும் ஒரு மத்தியானம் சொன்னாள். சின்ன வயதில் யாராவது “உன் பேர் என்ன கண்ணு?” என்று கேட்டால் அவள் அம்மா பதில் சொல்லிவிடுவாளாம். பசிக்கிறதா என்று கேட்டால், “இவளுக்குப் பசிக்கல” என்பதும் அம்மாதான். பத்தொன்பது வயதில் ஒருவன் பூங்கொத்தோடு வந்து நின்றபோது, “இவளுக்கு இஷ்டமில்ல” என்று கதவைச் சாத்தியதும் அம்மாதான்.

“உனக்கு இஷ்டம் இருந்துச்சா?” என்று கேட்டார் கிளிஃபர்ட்.

“அதை யோசிக்கறதுக்குள்ள அவன் தெருமுனை தாண்டிட்டான்.”

தொடரின் ஐந்தாவது வருடம் கிளிஃபர்டின் நினைவிலிருந்து வசனங்கள் உதிர ஆரம்பித்தன. முதலில் ஒரு சொல், அப்புறம் ஒரு வரி. ஒத்திகையில் சிரித்துச் சமாளித்துவிடுவார். ஒரு ஞாயிறு மாலை, பார்வையாளர்களுக்கு எதிரே படப்பிடிப்பு, சிட்னி வேலையை விட்டுவிட்டு வீடு திரும்பும் காட்சி. கிளிஃபர்ட் கதவைத் திறந்தார், தொப்பியைக் கழற்றினார், வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தெரியாத ஊர் ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டவர் போல எனிட்டைப் பார்த்தார். விளக்குகளின் வெளிச்சத்தில் தூசி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

எனிட்டின் கைகள் இடுப்புக்குப் போயின.

“சொல்லாதே! வாயைத் திறக்காதே! மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே, வேலைய விட்டுட்டேன்னு. அதானே? வந்து உக்காரு.”

“ஆமா பெர்த்தா” என்றார் கிளிஃபர்ட், நிஜமான நன்றியோடு.

அரங்கமே அதிர்ந்தது. ஒரு நிமிடம் வரை சிரிப்பு அடங்கவில்லை.

அன்று உடைமாற்றும் அறை வாசலில் எனிட் அவரை நிறுத்தினாள். “எங்கம்மா எனக்குச் செஞ்சதையே நான் உங்களுக்குச் செய்யறேனா? உங்க வாயில இருக்கறதைப் பிடுங்கிக்கிட்டேனா?”

“பிடுங்கிக்கோ கண்ணு. வெறும் வாயாத்தான் இருக்கு” என்றார் அவர்.

திங்கட்கிழமை தயாரிப்பாளர் ரோலண்ட் எல்லோரையும் கூட்டினார். கிளிஃபர்டை மட்டும் வரச்சொல்லவில்லை. “பாவம்தான், என்ன செய்யறது? சிட்னியை ஆஸ்திரேலியாவுல தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடலாம். ரெண்டே ரெண்டு வரியில முடிச்சிடலாம்.”

எனிட் எழுந்து நின்றாள். பெர்த்தா வெடிக்கப்போகிறாள் என்று மகன்களாக நடிக்கும் இருவரும் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்கள். வந்தது எனிட்டின் சொந்தக் குரல், காகிதம் உரசுவது போல.

“அவர் போனா நானும் போறேன்.”

“என்னது? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க எனிட்.”

“சத்தமா சொல்ல மாட்டேன். நீங்க கிட்ட வந்து கேளுங்க.”

ரோலண்ட் எழுந்து வந்தார். அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

“சிட்னிக்கு இனிமே ‘ஆமா பெர்த்தா’ மட்டும் போதும். அவர் பேச வேண்டியது எல்லாத்தையும் நான் பேசிக்கிறேன். ரெண்டு பேர் பாடத்தையும் நானே படிச்சுக்கிறேன்.”

அப்படித்தான் ஆயிற்று. அந்த வருடம் பெர்த்தா போல ஒரு ராட்சசியை நாடு பார்த்ததில்லை. கணவனை ஒரு வாக்கியம் முடிக்க விட்டாளா! “அந்த மனுஷன் என்னைக்காவது உன் தலைல சட்டியைக் கவுக்கத்தான் போறான், பாரு” என்று கடிதங்கள் வந்து குவிந்தன. பேருந்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. எனிட் அந்த இருக்கையில் பையை வைத்துக்கொண்டு, உதடு அசைய, இரண்டு பேருக்கான வசனத்தையும் மனப்பாடம் செய்துகொண்டே போனாள்.

தொடரின் கடைசி ஞாயிறு. படப்பிடிப்பு அரங்கில் மத்தியான ஒத்திகை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மூன்றே சுவர் எழுப்பிய பெர்த்தா வீட்டின் ஜன்னலுக்கு வெளியே துணியில் வரைந்த தோட்டம். அதன்மேல் ஒரு மஞ்சள் விளக்கை அணைக்க மறந்திருந்தார்கள். என்றைக்கும் சாயாத மாலை வெயில் அந்த அறையில் கிடந்தது. கிளிஃபர்ட் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முகத்தில் பல மாதங்களாக இல்லாத நிம்மதி.

“பசங்க வந்துட்டாங்களா பெர்த்தா?”

அந்த வரி எந்தப் பாடத்திலும் இல்லை. சாப்பிடக் கிளம்பிய எனிட் நின்றாள். தூரத்திலிருந்து யாரோ, “எனிட், சாப்பிட வரலியா?” என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“வந்துட்டாங்க. மாடில தூங்கறாங்க” என்றாள். நான்கு படியோடு நின்றுபோகும் மாடிப்படியை அவர் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்.

“ஒரு வாய் டீ குடிச்சா நல்லாருக்கும்.”

மேஜைமேல் காட்சிக்காக வைத்திருந்த காலித் தேநீர் ஜாடியை எனிட் எடுத்தாள். அவர் கோப்பையில் சாய்த்தாள், தன் கோப்பையிலும் சாய்த்தாள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் இரண்டு கையாலும் ஏந்தி, சூடு ஆற ஊதினார். எனிட் கரண்டியை எடுத்து, வெறும் பீங்கானில் பட்டுச் சத்தம் எழுந்துவிடாதபடி, மெதுவாகச் சர்க்கரையைக் கலக்கினாள்.