மீன் விடுகிற கந்தப்பன்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் கந்தப்பனுக்கு எறும்பை மிதித்தால்கூட இரண்டு நாள் மனசு கேட்காது. நான் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன். பதினைந்து வருடமாக இந்த இம்சையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தொட்டியில் படியும் பாசியைத் தின்னட்டும் என்று விரல் நீளத்தில் ஒரு கறுப்பு மீன் விற்பார். டேங்க் கிளீனர் என்பார்கள். வாங்கியவர் வீட்டில் அது முழங்கை நீளம் வளர்ந்து, திரும்பக்கூட இடமில்லாமல் நிற்கும். கொன்றால் பாவம். தின்ன யாருக்கும் மனம் வராது. "எங்கிட்டக் குடுங்க, ஏரில உட்டர்றேன்" என்பார் கந்தப்பன். ஆடிப் பதினெட்டு அன்று எல்லாவற்றையும் டிரம்மில் ஏற்றி, கற்பூரம் காட்டி, பனமரத்துப்பட்டிப் பக்கம் ஓர் ஏரியில் விட்டுவிட்டு வருவார். ஏழு வருடம் இப்படி. தெருவே அவரைப் புண்ணியவான் என்றது. அந்தப் பேரில் அவருக்கும் கொஞ்சம் மிதப்பு உண்டு, இல்லை என்றால் பொய்.

போன ஆடியில் டிரம்மைப் பிடித்துக்கொள்ள நானும் லோடு ஆட்டோவில் போனேன். கரையில் அத்தாயி என்றொரு அம்மாள் உட்கார்ந்து பிளேடால் தன் வலையைத் தானே அறுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஏரியில் மீன் பிடித்துப் பிழைப்பவள். வலை முழுக்க அதே கறுப்பு மீன். அதன் முள் மாட்டினால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். அவள் விரல்களெல்லாம் கிழிந்திருந்தன.

"முன்னெல்லாம் ஜிலேபி மீனு, கெளுத்தின்னு கூடை கூடையா வருமுங்க. இப்ப இந்தச் சனியந்தானுங்க. மத்த மீனு முட்டையப் பூராத் தின்னுபோடுது. வித்தா நாயி மோந்து பாக்காது."

அப்போதுதான் டிரம்மைப் பார்த்தாள். அவள் முகமே மாறிவிட்டது.

"வருசா வருசம் மீனு உட்டுட்டுப் போறது நீங்கதானுங்களா? தூரத்துல இருந்து பாத்திருக்கறனுங்க. நம்ம ஏரிக்குக் குஞ்சு உடற மகராசன் நல்லா இருக்கோணும்னு மாரியாத்தாளுக்கு வெளக்குப் போடறனுங்க. இந்த வருசம் கொஞ்சம் சேத்தி உடுங்க சாமி."

கந்தப்பன் என்னைப் பார்த்தார். மூடியைத் திறக்காமலே திரும்பியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவர் திறந்தார்.

அத்தாயி எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கூசியது.

"தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க" என்றார் கந்தப்பன். அவரால் தலை நிமிர முடியவில்லை.

"இதக் கொண்டாந்து உட்டது எந்தப் பாவின்னு தெரியாம, பேரில்லாம மொட்டையா வஞ்சுட்டு இருந்தனுங்க" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "உங்க பேரென்னங்க?"

சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

டிரம்மில் கிடந்ததில் இரண்டு என் வீட்டு மீன். என் பேரை அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.