சூடான பானெட்

திருவள்ளூரில் எங்கள் வீட்டு ஷெட்டில் என் மனைவி தையல் கடை போட வேண்டுமானால், அங்கே நிற்கும் என் பழைய காரை முதலில் நான் விற்றாக வேண்டும். கும்மிடிப்பூண்டி வேலைக்குக் கம்பெனி பஸ்ஸிலேயே போய் வருவதால் காருக்கு வேலையும் இல்லை. ஆனால் வந்த மூன்று பேரும் பார்த்துவிட்டுப் போனதோடு சரி.

எல்லாம் என் சாமர்த்தியம். எஞ்சின் குளிர்ந்திருந்தால் கிளம்பும்போது கொஞ்சம் இருமும். இத்தனை வருஷம் என்னைச் சுமந்த வண்டி அந்நியர் முன்னால் இருமி அவமானப்படக் கூடாதென்று, அவர்கள் வருவதற்கு முன்பே அரைமணி நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுவேன்.

நாலாவதாக வந்த காக்களூர் பட்டறைக்காரர் நேராக பானெட்டில் கையை வைத்தார்.

“இன்னா சார், அடுப்பாட்டம் கொதிக்குது? இன்னாத்த மறைக்கிற?”

“வெயில்ல நின்னுக்கினு இருந்திச்சி” என்றேன்.

அவர் ஷெட்டின் கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு பைக்கைத் திருப்பினார்.

மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “அண்ணே, இருங்க. காலைல ரெண்டு தபா இருமும், மூணாவது தபா கிளம்பிடும். இந்தாளும் அப்டித்தான், இருபது வருசமா வச்சிக்கினு கீறேன். நாளைக்குக் காலைல வந்து பாருங்க.”

மறுநாள் வந்தார். கார் சொன்னபடி இரண்டு முறை இருமியது. அவர் சிரித்துக்கொண்டே மூன்றாவது முறை சாவியைத் திருப்பினார். அன்றே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது ஷெட்டில் தையல் மெஷின் ஓடுகிறது. துணி தைக்க யாராவது வந்தால் நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு.