லோர்னாவுக்குப் பிடித்த கொலைகாரன்

இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியில் மீன் ஆலை வேலைக்குப் போகிற பெண்களின் கையை விட்டு அந்த வாடை போகாது. லோர்னா மால்ட்பி அதைப் போக்க முயன்றதும் இல்லை. பள்ளி முடிந்த கையோடு கத்தி பிடித்தவள், ஐம்பதைத் தாண்டியும் அதே வரிசையில் நின்று காட் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு கல்யாணம் நடந்து கலைந்தது. அம்மா போன பிறகு, தனியாக இருந்த அப்பாவின் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள்.

அப்பா வில்ஃப் மால்ட்பியைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. மீன்பிடி இழுவைப்படகின் தலைவராக ஐஸ்லாந்துக் கடல்வரை போனவர். ஒரு குளிர்காலப் புயலில், கம்பிகளிலும் கயிறுகளிலும் பனி உறைந்து படகு கவிழப்போனபோது, ஆட்களைத் தூங்கவிடாமல் கோடாரியால் பனியை வெட்டவைத்து, ஒருவர் குறையாமல் கரை சேர்த்தார். தேவாலயச் சுவரில் அதற்கொரு பித்தளைப் பலகை உண்டு. மதுக்கடையில் அவரைக் காசு கொடுக்க யாரும் விட்டதில்லை.

அவர் கரையில் இருந்த நாட்களில் புயல் வீட்டுக்குள் அடித்தது. ஒருநாள் உருளைக்கிழங்கு ஆறியிருந்தது என்று அம்மாவின் கையை மேசை விளிம்பில் வைத்து முறித்தார். லோர்னா எதிரே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவரே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியில் கேட்டவர்களிடம் எல்லாம், "படியில வழுக்கிட்டா" என்றார். பக்கத்தில் நின்ற அம்மாவும் தலையாட்டினாள். சாகும்வரை அவள் வேறு மாதிரி சொல்லவே இல்லை.

அதனாலோ என்னவோ, லோர்னாவுக்கு மாவீரர் கதைகள் ஆகாது. பழைய சாமான் கடையில் மழைக்கு ஒதுங்கியபோதுதான் அந்தத் தடிப் புத்தகம் கையில் சிக்கியது. அட்டையில் கோடாரியும் மண்டையோடும். கதை நடப்பது எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டில். கதாநாயகன் கெஸ்ரிக் ஒரு கூலிப்படைக்காரன். முதல் வரியிலேயே அவன் பேசினான்: 'என் அண்ணனைக் காட்டிக்கொடுத்தது நான்தான். பயந்தும் இல்லை, பசித்தும் இல்லை. கூலி நன்றாக இருந்தது.'

நனைந்த மேலங்கியைக் கழற்றாமல் நின்றபடியே அவள் இருபது பக்கம் படித்துவிட்டாள். அடுத்தடுத்த பாகங்களையும் தேடி வாங்கினாள்.

ஆலையின் சாப்பாட்டு அறையில் கூட வேலை செய்யும் டோரீன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, பக்கத்துக்குப் பக்கம் கழுத்தறுக்கறான்? பொறுக்கிப் பயலப் பத்தித் தெரியணும்னா எங்க வீட்டுக்கு வா. எம் புருஷன இனாமாவே பாத்துட்டுப் போ."

"உம் புருஷன் தன்னப் பொறுக்கின்னு ஒத்துக்குவாரா?"

"அவரா? ஞாயித்துக்கெழமையானா தேவாலயப் பாட்டுக் குழுவுல முன்வரிசை."

"இவன் ஒத்துக்கறான்" என்றாள் லோர்னா.

வில்ஃபுக்குப் பக்கவாதம் வந்தது அடுத்த இலையுதிர் காலத்தில். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு மட்டும் மெல்லத் திரும்பியது. லோர்னா காலை வேலையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்ச நேரமெல்லாம் அவரைக் கழுவினாள், துடைத்தாள், ஊட்டினாள். அவருக்குக் கண்ணும் மங்கியிருந்ததால் செய்தித்தாள் வாசித்துக் காட்டினாள்.

ஒரு பிற்பகல், வேண்டுமென்றே கெஸ்ரிக்கை எடுத்தாள். ஆட்கள் உள்ளே இருக்கும்போதே அவன் ஒரு மாவு ஆலையைக் கொளுத்தும் அத்தியாயம். சாக்கு எதுவும் சொல்லாமல், செய்ததைச் செய்தபடி சொல்வான். படித்துக்கொண்டே அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது ஒன்று அசையும் என்று எதிர்பார்த்தாள்.

அவர் சிரித்தார். "நல்ல ஆளுடி இவன். வேலைய முடிச்சான். மூக்கால அழல. இன்னும் கொஞ்சம் படி."

"உள்ள ஆளுங்க இருந்தாங்கப்பா."

"இருந்திருப்பாங்க. இவன நம்பி ஒரு படை பின்னால நிக்குதே, அத யாரு பாக்கறது?"

லோர்னா புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். "அம்மா கைய ஏன் ஒடச்சீங்க?"

"எந்தக் கை?" என்றார் அவர். "படியில விழுந்தாளே, அதுவா?"

நடிக்கிறாரா, நிஜமாகவே அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தான் மட்டுமே கண்டெடுத்ததாக நினைத்திருந்த ஒருவனை, தன் கண்ணெதிரே அவர் நண்பனாக்கிக்கொண்டதுதான் அவளை அதிகம் சுட்டது. அதற்குப் பிறகு தினமும், "அந்தப் பய என்ன பண்றான்?" என்று கேட்டார். அவளும் படித்தாள்.

பிப்ரவரியில் ஒருநாள் காற்றாடட்டும் என்று சக்கர நாற்காலியைக் கொல்லைக்குத் தள்ளி, கதவோரம் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். கொஞ்ச நேரத்தில் கடல் பக்கமிருந்து மழையும் பனியும் கலந்து அடிக்க ஆரம்பித்தது. அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள், தாழையும் போட்டாள். வந்து உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். அவர் இடக்கையால் கதவைத் தட்டுவது கேட்டது. 'அவன் தட்டினான். நான் பக்கத்தைத் திருப்பினேன்.' கெஸ்ரிக்கின் குரலில் மனசுக்குள் அப்படிச் சொல்லிப் பார்த்தாள். அச்சில் படித்தால் எவ்வளவு மிடுக்காக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

தட்டுவது நின்றதும் ஓடிப்போய்த் திறந்தாள். உதடு நீலம் பாய்ந்து, கால்சட்டை நனைந்து, நடுங்கிக்கொண்டு ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். உள்ளே தள்ளிவந்து, வெந்நீர்ப் பையும் கம்பளியுமாக அவரைச் சூடாக்கினாள்.

மறுநாள் பெவர்லி வந்தாள், வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலி. அவருடைய இருமலைக் கேட்டு முகம் சுளித்தாள்.

"கதவு காத்துல சாத்திக்கிச்சு" என்றார் வில்ஃப், யாரும் கேட்காமலே.

லோர்னா பெவர்லியின் பக்கம் திரும்பினாள். "காத்து இல்ல. நான்தான் சாத்தினேன். தட்டினாரு, தெறக்கல."

பெவர்லி அவள் தோளைத் தொட்டாள். "ரொம்ப அசந்துபோயிருக்க கண்ணு. கண்டதையும் பேசாத. அவர வேற எடத்துல சேக்கறதுக்கு நான் எழுதறேன்."

அந்த மாதமே முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். ஈஸ்டருக்குள் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். கொல்லையில் பிடித்த குளிரா, இல்லத்தில் ஒட்டியதா, யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் தேநீரும் சாண்ட்விச்சும் வைத்திருந்தார்கள். அப்பாவின் படகில் வேலை பார்த்த சிரில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒங்கம்மா கை படியில ஒடயலன்னு எங்களுக்குத் தெரியும்மா. படகுல எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. எங்கள உசுரோட கரைக்குக் கொண்டாந்து சேத்த மனுஷனாச்சே." கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தப் புயல்ல ஒரு பய நின்னபடியே தூங்கிட்டான். கோடாரிக் காம்பால வாயிலயே போட்டாரு. முன்பல்லு நாலும் போச்சு. அது என் வாய்தான். இன்னிக்கும் எனக்கு அவரப் பிடிக்கும்."

"எங்கம்மாவ யாரும் வந்து பாக்கல."

"இல்ல. யாரும் வரல."

அவர் சாக்குச் சொல்லவில்லை. அதனாலேயே லோர்னாவுக்கும் வாய் திறந்தது. "கடைசியில நானும் ஒண்ணு பண்ணினேன். அவர மழையில விட்டுக் கதவச் சாத்திட்டேன்."

"தெரியும்."

"பெவர்லி சொன்னாளா?"

"இல்லம்மா, அவரேதான் சொன்னாரு. இல்லத்துக்குப் பாக்கப் போயிருந்தேன். 'தட்டத் தட்டத் தெறக்கலடா, எம் பொண்ணு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. பெருமை தாங்கல அவருக்கு."

சிரில் அவளைத் தேற்றுவதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார். லோர்னா எழுந்தாள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தோல் சிவக்கும்வரை கையைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு கூடத்துக்குத் திரும்பிவந்து, போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாள். அவர்கள் எல்லாரும் அவளிடம் ஒன்றையே சொன்னார்கள், அப்பாவை அப்படியே உரித்துவைத்திருக்கிறாள் என்று.